புது ரீவி யாருக்கு?

வில்லில் ஒரு தமிழ்க் குடும்பம் புது ரீவி வாங்கப் போனால் கடைக்காரருடன் கதைப்பது யார்? பெரும்பாலும் நாங்கள்தான். காசு அப்பாவுடையது. டொச்சில் கேள்வி கேட்பதும் பதிலைத் தமிழில் சொல்வதும் பிள்ளை. “வீட்டில் என்ன பார்ப்பீர்கள்?” என்று கடைக்காரர் கேட்டால், அம்மாவிடம் கேட்காமலே நாங்கள் பதில் சொல்லி விடுகிறோம். இது சரியில்லை என்று நினைக்கிறேன்.

120 ஹேர்ட்ஸ் எங்கள் கேமுக்கு. 75 அங்குலம் நண்பர்கள் வந்து பார்க்க. ஆனால் அந்த ரீவிக்கு முன்னால் கூடுதலான நேரம் இருப்பது வேலை முடிந்து வந்து நாடகம் பார்க்கும் அம்மாவும், பகல் முழுக்க வீட்டில் இருக்கும் அம்மம்மாவும்.

கணக்கைப் பாருங்கள். 4கே திரையில் கிட்டத்தட்ட 83 இலட்சம் புள்ளிகள். முழு எச்டியில் 21 இலட்சம். பழைய தரத்தில் வரும் ஒரு சனலில் 4 இலட்சம்தான். அதாவது ஒவ்வொரு புள்ளியையும் ரீவி 20 புள்ளியாக்கி நிரப்ப வேண்டும். இந்த வேலையை எல்லா ரீவியும் ஒரே மாதிரிச் செய்வதில்லை. கடையில் ஓடும் பளபளப்பான மலை வீடியோவில் அது தெரியாது. அம்மா பார்க்கும் நாடகத்தையே அங்கே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் செற்றிக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை மீற்றர் என்று அளந்துகொண்டு போங்கள். 55 அங்குலத் திரையை மூன்று மீற்றர் தள்ளி இருந்து பார்த்தால், முழு எச்டிக்கும் 4கேக்கும் உள்ள நுணுக்க வித்தியாசத்தைச் சாதாரணக் கண் பிடிப்பது கஷ்டம். 8கேக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. மெல்லிய ரீவிகளில் சத்தம் பெரும்பாலும் கீழ்ப்பக்கமாகத்தான் வரும். மிச்சக் காசில் ஒரு சவுண்ட்பார் வாங்கினால் அம்மம்மாவுக்கு வசனம் விளங்கும். எரிசக்தி லேபிளையும் பாருங்கள். 1000 மணித்தியாலத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று அதில் இருக்கும். நாள் முழுக்க ரீவி ஓடும் வீட்டில் அது சின்ன விசயம் இல்லை.

“கொன்ஸ்ரான்ஸில் மலிவு” என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். ஜெர்மன் வரி திரும்பக் கிடைக்கும், உண்மை. ஆனால் 2025 தொடக்கம் ஆளுக்கு 150 பிராங்குக்கு மேல் போனால் எல்லையில் 8.1 வீத சுவிஸ் வரி கட்ட வேண்டும். பழுதானால் பெட்டியைத் திரும்ப அங்கே தூக்க வேண்டும். இணையத்தில் வாங்குவதென்றால் திருப்பி எடுப்பார்களா என்று முதலே வாசியுங்கள். ஜெர்மனியில் உள்ள 14 நாள் உரிமை சுவிஸ் சட்டத்தில் இல்லை. பழைய ரீவியைக் காசு கொடுத்து எறியவும் வேண்டாம். ரீவி விற்கும் கடைகள் அதை இலவசமாக எடுக்க வேண்டும்.

கேமுக்கு ஏற்ற ரீவி கேட்கக் கூடாதா? கேளுங்கள். ஆனால் அது உங்கள் ஆசை என்று தமிழில் சொல்லிக் கேளுங்கள். “கடைக்காரர் இதுதான் நல்லது என்கிறார்” என்று மொழிபெயர்க்காதீர்கள். அப்பாவும் அம்மாவும் அந்தக் கடையில் நம்பி நிற்பது உங்களைத்தான்.