படகுக்கும் 'நம்பர் பிளேட்' உண்டு! ஏன் முக்கியம்?

ராமேஸ்வரம் விசைப்படகுகளில் 'ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்' எனத் தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீங்க. நாடு, மாநிலம், பதிவான பகுதி, படகின் வகை, கடைசியில் தனி எண் - இதுதான் வரிசை. 'எம்எம்' என்றால் விசைப்படகு.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன்படி படகைப் பதிவு செய்வதும் பதிவு எண்ணை எழுதுவதும் கட்டாயம். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்த பயங்கரவாதிகள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தினர். அதன் பிறகு கெடுபிடி கூடியது.

இந்த எண் மீனவருக்கும் கவசம்தான். இலங்கைக் கடற்படை பிடித்த படகை மீட்க, உரிமையாளர் ஆவணங்களோடு அந்நாட்டு நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டியிருக்கிறது. படகில் உள்ள எண்ணும் கையில் உள்ள சான்றும் பொருந்தலைன்னா, 'என் படகு' என்று நிரூபிப்பதே பெரும்பாடு.