12 வெள்ளி கியூப்

பசார் மாலாமில் கைப்பேசி உறைகளுக்குப் பக்கத்தில் தொங்கும் 5 வெள்ளி கியூபை வாங்காதீர்கள். கடகடவென்று சத்தம் போடும், பாதியில் மாட்டிக்கொள்ளும், பிள்ளையும் இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடும். இன்னும் கொஞ்சம் கூடப் போட்டால், மோயூ போன்ற சீன நிறுவனங்களின் தொடக்கநிலை கியூப் இணையக் கடைகளிலேயே கிடைக்கிறது. அக்கா மகனுக்கு நான் வாங்கியது 12 வெள்ளி.

இப்போது வரும் கியூப்களில் பெரும்பாலும் ஸ்டிக்கர் கிடையாது. பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருகிறது. உரியாது என்பதால் அதுதான் வசதி. ஆனால் நான் கறுப்பு உடலில் ஸ்டிக்கர் ஒட்டிய பழைய வகையைத்தான் தேடிப் பிடித்தேன்.

அவனுக்கு வயது 10. நண்பனின் கியூபில் வெள்ளைப் பக்கத்தை முடித்துவிடுவான், அடுத்த வரிசைக்குப் போனதும் குழம்பிவிடுவான். ஒருநாள் ஆரஞ்சைக் காட்டி, “மாமா, இது எந்தச் சிவப்பு?” என்று கேட்டான். மங்கிய வெளிச்சத்தில் பச்சையும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறதாம்.

எங்கள் வீட்டுக்கு இது புதிதல்ல. என் அப்பா இன்றும் கொல்லையில் மிளகாய் பழுத்துவிட்டதா என்று அம்மாவைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். சிவப்பு, பச்சையைப் பிரித்தறிய முடியாத குறைபாடு பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அப்பாவின் எக்ஸ் மகளுக்குப் போகும், மகனுக்குப் போகாது. அதனால் நான் தப்பித்தேன். அக்காவிடம் இன்னொரு நல்ல எக்ஸ் இருப்பதால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் மகனிடம் வெளிப்பட்டுவிட்டது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அட்டைகளைக் காட்டித்தான் கண் பரிசோதனையில் உறுதி செய்தார்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட முறை அது. அதுவரை அவன் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போதெல்லாம் நோட்டில் ‘கவனம் இல்லை’ என்றே எழுதி வந்தது. கண்ணில் உள்ளதைப் பையனின் கவனத்தின் மேல் போட்டால் அவன் என்ன செய்வான்?

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் வேலையை ஆரம்பித்தோம். எந்த நிறம் போக வேண்டும் என்பதை அவனே சொல்ல வேண்டும் என்றேன். நமக்குத் தெளிவாகத் தெரிவது அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆரஞ்சு வேண்டாம் என்றான். ஒன்பது ஸ்டிக்கரையும் உரித்தோம். ஒட்டியிருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு நீரில் கழுவினோம். கறுப்பு உடல் என்பதால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டோம். பச்சையின் ஒன்பது கட்டங்களிலும் அக்காவின் வெள்ளை நகப்பூச்சால் ஆளுக்கொரு புள்ளி வைத்தோம். செலவு ஒன்றுமில்லை.

பிறகு சுழற்சி. ஒவ்வொரு பக்கத்தின் நடுக்கட்டத்திலும் மூடி இருக்கும். நகத்தால் நெம்பினால் உள்ளே திருகு தெரியும். ஆறையும் ஒரே அளவு, கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதிகம் தளர்த்தினால் வேகமாகத் திருப்பும்போது துண்டுகள் தெறிக்கும். அப்படித் தெறித்தால் இஷ்டத்துக்கு மாட்டாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மாட்டிய கியூப், பன்னிரண்டில் ஒரு முறைதான் தீர்க்கக்கூடியதாக அமையும். எல்லா நிறமும் சேர்ந்த நிலையில் வைத்தே மாட்டுவதுதான் சரி. எண்ணெய்க்குச் சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு போதும். துருப்பிடித்த கதவுக்கு அடிக்கும் ஸ்பிரே பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

காந்தம் வைப்பவர்களும் உண்டு. மூலைத் துண்டும் விளிம்புத் துண்டும் சந்திக்கும் இடங்களில் மொத்தம் 48 குட்டிக் காந்தங்கள். ஒன்றைத் திருப்பி ஒட்டினாலும் ஈர்ப்பதற்குப் பதில் தள்ளும். நான் அதில் கைவைக்கவில்லை. அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு வயது, எதையும் வாயில் போடுவாள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு பெரிய ஆபத்தாகிவிடும். காந்தம் வேண்டுமென்றால், தொழிற்சாலையிலேயே உள்ளே பதித்து வருவதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்வது மேல்.

இப்படி மாற்றினால் அது ஏமாற்று வேலையா என்று அவனுக்கே சந்தேகம். போட்டிகளை நடத்தும் உலக கியூப் சங்கமே, மருத்துவச் சான்று உள்ள பார்வைக் குறைபாடு உடையவர்கள் பக்கத்துக்குப் பக்கம் தொட்டுணரும் வேறுபாடு உள்ள கியூபைப் பயன்படுத்த விதியில் இடம் தந்திருக்கிறது என்று சொன்னேன். முகம் தெளிந்தது.

இப்போது இரண்டரை நிமிடத்தில் முடிக்கிறான். போன வாரம் அதைத் தாத்தாவிடம் கொடுத்தான். அப்பா ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எனக்கே தெரியுதேடா” என்றார். அவருக்கும் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறார். நகப்பூச்சுப் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக வைக்க வேண்டுமாம்.