உடம்பு சொல்றதை யாரு கேப்பா?

நாவலப்பிட்டி டவுனில் ஒரு மண்டபம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனசையும் உடம்பையும் பற்றி ஒரு செயலமர்வு. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பெண்களை வேனில் ஏற்றி வந்தது நாங்கள்தான். வளவாளர் நல்ல மனுசர். கண்ணை மூடச் சொன்னார், மூச்சை இழுத்து விடச் சொன்னார். "மனசு சொல்றதை உடம்பு கேட்கும். மனசை மாத்துங்க, எல்லாம் மாறும்" என்றார்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "அது சரி சேர். உடம்பு சொல்றதை யாரு கேப்பா?"

எல்லோரும் சிரித்தோம். வளவாளரும் சிரித்தார். தேத்தண்ணி வந்தது, கேள்வி அப்படியே போய்விட்டது. எங்களுக்குத்தான் அது இன்னும் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மனசுக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது, அது கதையில்லை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். பயம் வந்தால் கோர்ட்டிசோல் ஏறும், தூக்கம் கெடும். மூச்சுப் பயிற்சியோடு எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. எங்கள் சண்டை, இந்தத் தொடர்பை ஒருவழிப் பாதையாக்கி விற்பவர்களோடு.

அந்தப் பாதையில் எதிர்த் திசையிலும் ஆள் வருகிறது. மலையில் கழிப்பறை இல்லை. அதனால் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணியைக் குறைத்துக் குடிக்கிறார்கள். தண்ணி குறைந்தால் தலை வலிக்கும், எரிச்சல் வரும், சிறுநீர் கடுக்கும். சாயந்தரம் வீட்டில் பிள்ளை மேல் கத்தினால், "கோபத்தை அடக்கப் பழகுங்க" என்று ஒரு செயலமர்வு வைப்போம். கோபம் புறப்பட்ட இடத்தில் ஒரு கதவும் ஒரு தண்ணிக் குழாயும் இல்லை என்பதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

அடுத்தது வெத்தலை. அன்றைக்கு மண்டபத்தில் அதிகம் திட்டு வாங்கியது அதுதான். வெத்தலை பாக்கு நல்லதென்று நாங்கள் சொல்ல மாட்டோம். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ஏன் போடுகிறார்கள்? பாக்கில் இருக்கும் அரிக்கோலின் உசுப்பிவிடும், பசியை மழுக்கும். பெரட்டுக்கு ஓடி, அட்டை கடிக்க மலையேறி, கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும் என்ற பயத்தோடு நிற்பவருக்கு அது பசிக்கும் களைப்புக்கும் மருந்து. மனசையும் உடம்பையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அவர் கண்டுபிடித்த வழி. அதைப் பிடுங்கிவிட்டு "மன உறுதி வேணும்" என்றால், கைத்தடியைப் பறித்துவிட்டு நடக்கச் சொல்வது போலத்தான்.

மன உறுதிகூடச் சும்மா வருவதில்லை. தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன் கையில் காசு இறுகியிருந்தபோது அவர்களுக்குச் சில சோதனைகள் வைத்தார்கள். அறுவடை முடிந்து காசு வந்தபின் அதே ஆட்களுக்குத் திரும்பவும் வைத்தார்கள். காசு வந்தபின் சராசரியாக நன்றாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை. கையிருப்பு மாறியது. இங்கே 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. கூடவே பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் ஏறியது. அந்தக் கணக்கைச் சுமக்கும் மண்டையில் "நேர்மறைச் சிந்தனை"க்கு எங்கே இடம்?

மழையையும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதிலிருந்து, எங்கள் வீடுகளில் இரவு மழை பிடித்தால் பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை மனநோய் என்று சொல்லாதீர்கள். வழுக்கும் மண்ணில் படுத்திருக்கும் உடம்பு சரியாகத்தான் கணக்குப் போடுகிறது.

"அப்போ எல்லாம் மாறும் வரைக்கும் சும்மா இருக்கவா?" என்று கேட்பீர்கள். இல்லை. பழக்கம் மாறும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 96 பேரைக் கவனித்ததில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் எடுத்தது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அதற்கு வேண்டியது, தினமும் அதே சந்தர்ப்பத்தில் அதையே திரும்பச் செய்வது. அதாவது நம்பியிருக்கக்கூடிய ஒரு நேரம். மலையில் அந்த நேரம் யார் கையில் இருக்கிறது?

எங்கள் பிழையையும் எழுதுகிறோம். போன வருசம் நாங்களே "தினமும் 30 நிமிடம் நடங்கள்" என்று நோட்டீஸ் அடித்தோம். நாள் முழுக்க மலையேறும் பெண்களுக்கு! வாங்கிப் படித்த ஓர் அக்கா, "தம்பி, படுக்கிறதுக்கு ஏதாச்சும் நோட்டீஸ் இருக்கா?" என்றார்.

ஆகவே, நலன் பேச வருகிறவர்களிடம் மூன்றே கேள்வி. மலையில் கழிப்பறையும் குடிதண்ணியும் கேட்டீர்களா? வெத்தலைக்குப் பதிலாக, கிலோவில் கை வைக்காத ஓர் இடைவேளையும் வயிற்றுக்கு ஏதாவதும் கேட்டீர்களா? உங்கள் செயலமர்வை, அவர்களுக்கு மிஞ்சிய ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வைக்காமல், வேலைநாளில் முழுப்பேர் போட்டு வைக்கத் தோட்டத்திடம் பேசினீர்களா?

பேசினால் சொல்லுங்கள், நாங்களும் வந்து கண்ணை மூடி உட்காருகிறோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் வேன் வராது. பெரியம்மா கொஞ்சம் தூங்கட்டும்.