அகன்ற பாதை, குறுகிய வாயில்

தன் மண்ணில், தன் உழவர் தந்த வரியால் இடப்பட்ட இருப்புப்பாதையில், தன் விளைச்சலை ஏற்றி விடுக்க உரிமையின்றி நிற்கும் ஓரினம் உண்டெனில் அது தமிழினமே. இது வெறும் புலம்பலன்று; காவிரிப் படுகை கண்ட வரலாறு.

தஞ்சை மாவட்டக் கழகம், நிலத்தீர்வையோடு ஒரு சிறு வரியைச் சேர்த்துத் தண்டித் தனக்கென ஓர் இருப்புப்பாதை அமைத்தது. 1894-இல் மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டை வரையிலும், பின்னர்ப் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரையிலும் அப்பாதை நீண்டது. அதன் கிளை திருமறைக்காட்டை அடுத்த அகத்தியன்பள்ளி உப்பளங்களைத் தொட்டது. ஆண்டவன் அயலான், ஆயினும் பாதை எங்குச் செல்லவேண்டும் என்பதில் தஞ்சை மண்ணுக்கு ஒரு சொல் இருந்தது. ஒரே ஒரு பெட்டி நெல்லோ உப்போ உடைய சிறு வணிகனுக்கும் ஊர் நிலையத்துச் சரக்குக் கொட்டகை திறந்திருந்தது.

இன்றோ? 1980-களிலிருந்து சில்லறைச் சரக்கும் தனிப்பெட்டிச் சரக்கும் படிப்படியாகக் கைவிடப்பட்டன. முழுத் தொடராக வந்தாலன்றிச் சரக்கை ஏற்பதில்லை என்பதே நெறியாயிற்று. முழுத் தொடர் எனில் நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள். ஏறத்தாழ 2,500 தொன். இருபது பெட்டி கொண்ட குறுந்தொடரை ஏற்பதே பெருஞ்சலுகையாகப் பேசப்படுகிறது. எந்த உழவன், எந்த உப்பள உடைமையாளன், ஒரே நாளில் இத்துணைச் சரக்கை ஓரிடத்தில் குவிக்க வல்லான்? அரசு கொள்முதல் செய்த நெல் இன்றும் தஞ்சையிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் தொடர்வண்டியில் செல்கின்றது. ஏன்? அரசால் தொடரை நிரப்ப முடிகின்றது. உழவனால் முடியவில்லை, எனவே அவன் சரக்குந்தைத் தேடி ஓடுகின்றான்.

மயிலாடுதுறை - தரங்கம்பாடிப் பாதை 1926-இல் பிறந்து 1986-இல் மூடப்பட்டது. பல்லாண்டு மூடிக்கிடந்த திருவாரூர் - காரைக்குடிப் பாதை 2019-இல் அகலப்பாதையாக முழுமை பெற்றது. அகத்தியன்பள்ளிக் கிளை 2023-இல் திறக்கப்பெற்றது. பாதை அகன்றது, சிறு வணிகனுக்கான வாயிலோ குறுகியது.

“சாலை விரைவானது, வண்டி வீட்டு வாயிலுக்கே வருகின்றது, வணிகரே விரும்பிச் சென்றனர்” என்பார் உளர். குறுந்தொலைவுக்கு அது மெய்யே. ஆனால், இரண்டு வாயில்களும் திறந்திருக்கும்போது ஒன்றைத் தேர்வதுதான் விருப்பம்; ஒன்றை அடைத்துவிட்டு மற்றொன்றில் நுழைந்தவனைப் பார்த்து ‘விரும்பிச் சென்றான்’ என்பது ஏய்ப்பு. போதாக்குறைக்கு, ஆளேற்றும் வண்டிகளின் இழப்பை ஈடுகட்டச் சரக்குக் கட்டணம் ஏற்றப்பட்டது. 1951-இல் இந்திய நாட்டுச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுமந்த தொடர்வண்டி, இன்று மூன்றில் ஒரு பங்கும் சுமக்கவில்லை. அதிலும் ஏறத்தாழப் பாதி நிலக்கரியே!

இரும்பின்மேல் இரும்பு உருளுகையில் உராய்வு குறைவு. எரிபொருட் செலவும் குறைவு. அதை விடுத்துச் சாலையில் சுமையை ஏற்றியதால் சாலை சிதைகின்றது, காற்று நஞ்சாகின்றது, கூலி உயர்கின்றது. நாமக்கல், சங்ககிரிச் சரக்குந்துக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. அவரும் உழைக்கும் தமிழரே. பிள்ளைகளின் முகம் காணாது கிழமைக்கணக்கில் வடபுலச் சாலைகளில் கண்விழிப்பவர் அவர்.

குற்றம் வேறிடத்தில் உள்ளது. அரசமைப்புச் சட்டம் இருப்புப்பாதையை நடுவணரசின் பட்டியலில் வைத்துவிட்டது. 1924-இலிருந்து தனியே இருந்த தொடர்வண்டி வரவு செலவுத் திட்டமும் 2017-இல் பொதுத்திட்டத்துள் கரைந்தது. சரக்குக்கென்றே கிழக்கிலும் மேற்கிலும் இரு பெரும் தனிப்பாதைகள் எழுந்தன. ஒன்றேனும் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டதா? தில்லியில் அமர்ந்து தொடரின் நீளத்தை அளப்பவனுக்குத் திருத்துறைப்பூண்டி உழவனின் மூட்டை எங்ஙனம் கண்ணில் படும்?

கேட்கவேண்டியது இரவலன்று, உரிமை. ஐந்து பெட்டி, பத்துப் பெட்டிச் சரக்கையும் ஊர் நிலையங்களில் ஏற்று, சந்திப்புகளில் ஒரு தொடராக இணைக்கட்டும். படுகை நிலையங்களில் சரக்குக் கொட்டகைகள் மீண்டும் எழட்டும். தமிழ்நாட்டுப் பாதைகளில் எது ஓடவேண்டும், எக்கட்டணத்தில் ஓடவேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமையில் தமிழ்நாட்டுக்குப் பங்கு வேண்டும். வரி தந்து பாதை அமைத்த உழவனின் கொள்ளுப்பேரன் அப்பாதையோரம் நின்று கடந்துபோகும் வண்டியை வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் வளர்ச்சி அன்று, அடிமைத்தனம்!