மோதிரத்தை இளைக்க வைத்த பவுன்

ராஜபாளையத்தில் அண்மையில் ஓர் உறவுக்காரப் பெண்ணின் நிச்சயதார்த்தம். தாம்பூலம் மாற்றி முடித்ததும் மோதிரம் மாற்றினார்கள். மாப்பிள்ளையின் விரல் கணுவில் மோதிரம் நின்றுகொண்டது; சமையல்கட்டிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது.

“எத்தனை பவுன் மதினி?” என்று மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டார்.

“பவுனெல்லாம் இல்ல மதினி. அவருக்கு ரெண்டே முக்கால் கிராம், இவளுக்கு ரெண்டுக்கும் கொஞ்சம் கம்மி. பிள்ளைகளே பாத்து எடுத்துக்கிட்டாங்க.”

பத்து ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பதிலைச் சொல்லப் பெண்ணின் அம்மா கூசியிருப்பார். இப்போது இயல்பாகச் சொன்னார், கேட்டவரும் தலையாட்டினார். 2020 தொடக்கத்தில் 30 ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த பவுன், 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. நிச்சய மோதிரத்தின் புதுப் பாணி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். கனத்த எழுத்து மோதிரமும் சிங்கமுக மோதிரமும் பின்னுக்குப் போய், மெல்லிய பட்டையில் ஒற்றைக்கல், இருவருக்கும் ஒரே வடிவில் ஜோடி மோதிரம், உள்பக்கம் பெயரும் தேதியும் என்று வந்திருக்கிறது. 22 கேரட் இருந்த இடத்தில் 18, 14. மிருதுவான 22 கேரட்டைவிட இவை கல்லை இறுக்கிப் பிடிக்கும் என்பதும் உண்மை.

இதில் மரபு கெட்டுவிட்டதாக வருந்துபவர்களை, பத்து கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைக்கிறேன். ஆண்டாள் தன் கல்யாணக் கனவைச் சொன்ன வாரணமாயிரம் இந்த மண்ணில் பிறந்தது. கல்யாணங்களில் இன்றும் ஓதப்படுவது. அதில் நாள் குறிக்கிறார்கள், தேவர்கள் வந்து பெண் பேசுகிறார்கள், நாத்தனார் முறையில் துர்க்கை கூறைப்புடவை உடுத்தி மாலை சூட்டுகிறாள், காப்புக் கட்டுகிறார்கள், மணமகன் கைத்தலம் பற்றுகிறான். பெண் பேசுவது முதல் கைப்பிடிப்பது வரை இருக்கிறது. மோதிரம் மாற்றுவது இல்லை. கம்பிக் கால்களில் கல்லை உயர்த்தி நிறுத்தும் வைர மோதிரத்தை அமெரிக்காவின் டிஃப்பனி நிறுவனம் 1886-இல் கொண்டுவந்தது. வைரம் என்றென்றைக்கும் என்ற டி பீர்ஸ் நிறுவனத்தின் விளம்பர வாசகம் 1947-இல் எழுதப்பட்டது. நேற்று வந்த வழக்கம் இன்று இளைத்தால் குலப்பெருமை குறையாது.

வடிவத்தில் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. நூற்பாலைகளும், சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவமனைக் கட்டுத்துணித் தறிகளும் நிறைந்த வட்டாரம் இது. தூக்கி நிற்கும் கல் இழையில் மாட்டும். பட்டைக்குள் பதித்த கல்தான் உழைக்கிற விரலுக்கு உகந்தது.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. அன்று பெண்ணின் மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு பெயர், நடுவில் சின்ன இதயம், தேதி. ஹால்மார்க் எண்ணைத் தேடினேன், இல்லை. கடைக்காரர் சட்டத்தை மீறவில்லை. 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க் முத்திரையில், 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு இருக்கிறது. மூக்குத்திக்கும் பொடி நகைக்கும் அது பொருந்தியிருக்கலாம். இப்போதோ நிச்சய மோதிரமே அந்த எடைக்குள் இறங்கிவிட்டது. வாழ்க்கையின் முதல் நகையாக ஒரு ஜோடி வாங்கும் பொருளுக்கு, அது 18 கேரட்டா 14 கேரட்டா என்பதற்குக் கடைக்காரரின் வாய்வார்த்தையே சாட்சி என்பது நியாயமில்லை. 2025 ஜூலையில் 9 கேரட்டையும் ஹால்மார்க் வளையத்துக்குள் கொண்டுவந்த இந்திய தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்), இந்த விலக்கையும் நீக்க வேண்டும்.

கல்லிலும் இதே சிக்கல். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே. அதே கரிமம், அதே கடினம். 2023-இல் அமெரிக்க அதிபரின் மனைவிக்கு இந்தியப் பிரதமர் பரிசளித்தது 7.5 காரட் ஆய்வக வைரம்தான். வெறுங்கண்ணால் வேறுபாடு தெரியாது. ஆனால் ஆய்வக வைரத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்து வருகிறது. ஆசைப்பட்டு அணிய நல்ல கல். முதலீடு என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். நம் குடும்பங்களில் நகை என்பது ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்கும் பொருளும்கூட. அங்கே கல்லின் எடையைக் கழித்து, தங்கத்துக்கு மட்டும்தான் கடன் தருவார்கள். மூன்று கிராம் மோதிரத்தில் கல் போக மிஞ்சும் தங்கம் எவ்வளவு என்று வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கத்தின் நிகர எடை, கேரட், கல்லின் எடை, கல் இயற்கையா ஆய்வகமா, செய்கூலி, சேதாரம் ஆகிய அனைத்தையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முத்திரையுள்ள மோதிரமென்றால் எழுத்தும் எண்ணும் கலந்த அதன் ஆறிலக்க ஹால்மார்க் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் கடையில் நின்றபடியே சரிபாருங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.