கல்லாவில் யார்?

என் மச்சினர் ரிடையர் ஆன மறுவாரமே கையில் ஒரு வழுவழு கலர் புத்தகத்துடன் வீட்டுக்கு வந்தார். "மாப்பிள்ளை, டீக்கடை வைக்கப் போறேன்" என்றார்.

மச்சினருக்கு டீ போடத் தெரியாது. குடிக்கத் தெரியும், அதுவும் ஆறிப் போன பிறகு. 34 வருஷம் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்த்தவர்.

"கடையா? நீங்களா?"

"நான் ஏன் போறேன்? இது ஃப்ராஞ்சைஸி. பேர் அவங்களது, டீத்தூள் அவங்களது, மாஸ்டரையும் அவங்களே பிடிச்சுத் தர்றாங்க. நான் பணம் மட்டும் போட்டாப் போதும்" என்று புத்தகத்தைப் பிரித்தார். கடைசிப் பக்கத்தில் ஒருத்தர் கடற்கரையில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். பக்கத்தில் இளநீர். டீ கூட இல்லை.

பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 14 லட்சம் போயிற்று.

கடையில் நாலு கேமரா. மச்சினர் ஈஸிசேரில் படுத்தபடி செல்போனில் கடையைப் பார்ப்பார், சீரியல் பார்ப்பது மாதிரி. கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. மாசக் கடைசியில் பணம்தான் இல்லை. மூன்றாவது மாசம் சம்பளத்தைக் கைக்காசிலிருந்து கொடுத்தார். கம்பெனிக்குப் போன் போட்டால், "சேல்ஸ் நல்லாப் போகுது சார், இன்னொரு பிராஞ்ச் எடுத்துக்குங்களேன்" என்றார்கள்.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. ராயல்டி என்பது விற்பனையில் சதவீதம், லாபத்தில் அல்ல. 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் விற்றால் 18 ஆயிரம் அவர்களுக்கு. வாடகை, சம்பளம், பால், கேஸ், கரண்ட் எல்லாம் போக ஏதாவது மிஞ்சினால் மச்சினருக்கு. பால் பொங்கி வழிந்தால் கம்பெனிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. டீத்தூளை அள்ளிக் கொட்டினால் அவர்களுக்கு லாபம், தூள் அவர்களிடம்தானே வாங்க வேண்டும்! கல்லாவில் ஒரு ரூபாய் காணாமல் போனால் கம்பெனிக்கு 6 பைசா போகும். மீதி 94 பைசா மச்சினருடையது. அதைத் தேட வேறு யாருக்கு அவசரம்?

தேடியது அக்கா. (மச்சினரின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவது.) காய்கறி வாங்கப் போனவர், மாஸ்டருக்குத் தன்னைத் தெரியாது என்ற தைரியத்தில் ஒரு டீ சொன்னார். குடித்துவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டையில் செல்லைக் காட்டினார். திரையில் வந்தது கடையின் பேர் இல்லை. மாஸ்டரின் பேர்! நாலு கேமராவிலும் அந்த அட்டை தினமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் கேமராவுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

இதெல்லாம் புதுசு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 70 வருஷம் முன்பே நடந்து முடிந்த கதை. மில்க் ஷேக் கலக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்த ரே க்ராக் என்பவர், 52 வயசில் மெக்டொனால்ட் சகோதரர்களின் ஹாம்பர்கர் கடையைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி ஊர் ஊராகக் கடை திறக்க உரிமை வாங்கினார். 1955-ல் சிகாகோ பக்கத்தில் முதல் கடை. அடுத்து, தன் கோல்ஃப் கிளப் நண்பர்களுக்கு வரிசையாகக் கடைகளைக் கொடுத்தார். நல்ல வசதியானவர்கள், பந்து அடிக்கிற நேரம் போகத்தான் கடை. சிலர் 15 சென்ட் ஹாம்பர்கரை 18 ஆக்கினார்கள், சிலர் மெனுவில் இஷ்டத்துக்குக் கை வைத்தார்கள். க்ராக் நொந்து போனார்.

அதே வருஷம் வாகீகன் என்ற ஊரில் ஒரு தம்பதிக்கும் கடை கிடைத்தது. கணவர் அச்சகத் தொழிலாளி. மனைவி பைபிள் விற்றவர். சேமிப்பு மொத்தத்தையும் போட்டுவிட்டு இருவரும் கடையிலேயே கிடந்தார்கள். பணம் கொட்டியது. க்ராக் அதற்கப்புறம் பணத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பவர்களிடமிருந்து தானே ஒதுங்கிக்கொண்டார்.

இதை மச்சினரிடம் சொன்னது என் தப்பு. மாஸ்டர் போனார், மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு மச்சினர் கடையில் ஆஜர். அத்தோடு விட்டாரா? முதல் வாரம் டீயில் சுக்கு சேர்ந்தது. இரண்டாவது வாரம் சர்க்கரை போய் நாட்டுச்சர்க்கரை வந்தது. மூன்றாவது வாரம் வாசலில் வாழைக்காய் பஜ்ஜிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறியது. நாலாவது வாரம் கம்பெனி நோட்டீஸ்.

"என் கடை, என் காசு. இவங்க யாரு கேக்க?" என்று குதித்தார்.

ஆனால் அந்தப் பேரைப் பார்த்து உள்ளே வருகிறவன் திண்டுக்கல்லில் குடித்த அதே டீயை எதிர்பார்த்து வருகிறான். சுக்குதான் வேண்டுமென்றால் வேறு கடை இல்லையா? மச்சினர் 14 லட்சம் கொடுத்ததே அந்தப் பேருக்கும் ருசிக்கும்தான். அதை மாற்றுவதற்கு, பேசாமல் சொந்தப் பேரில் தள்ளுவண்டி போட்டிருக்கலாம், காசும் மிச்சம்.

முதலாளிக்கு யோசனையே வரக் கூடாது என்றில்லை. மெக்டொனால்ட்ஸின் மீன் சாண்ட்விச், சின்சினாட்டியில் கடை வைத்திருந்த ஒருவரின் யோசனை. கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதி. வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டார்கள், அன்றைக்குக் கடையில் ஈ ஓட்ட வேண்டும். கடையிலேயே நின்றதால் அவருக்கு அது உறைத்தது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக மீனை மெனுவில் நுழைக்கவில்லை. தலைமை ஆபீசுக்குப் போய்க் கேட்டார். க்ராக்குக்கு மீன் பிடிக்காது. அவர் பங்குக்கு அன்னாசிப்பழத் துண்டை பன்னுக்குள் வைத்து ஒரு பர்கர் கண்டுபிடித்திருந்தார். 1962-ல் இரண்டையும் ஒரே நாளில் விற்றுப் பார்த்தார்கள். மீன் அமோகமாக ஜெயித்தது. அன்னாசியைச் சீந்துவாரில்லை.

இதைக் கேட்டதும் மச்சினருக்குக் கை துறுதுறுத்தது. கடிதம் எழுதுகிற வேலை ஆயிற்றே! 'பொருள்: தேநீரில் சுக்கு சேர்த்தல், அனுமதி கோருதல். பார்வை: தங்கள் நோட்டீஸ்' என்று 3 பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. நினைவூட்டல் இரண்டு போயிருக்கிறது.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். மச்சினர் ஒரு லிட்டருக்கு எத்தனை டீ என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். டீயில் சுக்கு இல்லை. சம்பளம் கொடுத்தது போக, மூணு மாசமாகக் கையில் ஏதோ நிற்கிறதாம். காசி யாத்திரை தள்ளிப் போயிருக்கிறது. கல்லாவில் அக்கா.

"அக்கா, ஒரு பன் பட்டர் ஜாம் எடுத்துக்கவா?" என்றேன் உரிமையாக.

"எடுத்துக்குங்க தம்பி. டீயோட சேர்த்து 55 ரூபா. ஸ்கேன் பண்ணும்போது பேரைப் பாத்துப் பண்ணுங்க."