கண்ணுக்குள் ஊசி: எந்த மருந்து நல்லது?

விழித்திரையின் சிரை அடைத்துக்கொண்டால் நடுவில் நீர் கோத்து வீங்கும், பார்வை மங்கும். வீக்கம் வடிய கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஒன்றோடு முடியாது, மாதாமாதம் பல ஊசிகள்.

ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் இரண்டும் கண்ணுக்கென்றே வந்தவை; விலை அதிகம். பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிப்பதால் மலிவு. 2017-இல் வெளியான அமெரிக்காவின் ஸ்கோர்2 ஆய்வில், ஆறு மாத முடிவில் அது அஃப்லிபெர்செப்டுக்குச் சளைக்கவில்லை. 2019-இல் பிரிட்டனின் லீவோ ஆய்வில், 100 வாரத்தில் மற்ற இரண்டுக்கும் அது ஈடு என்று நிரூபணமாகவில்லை.

உத்திரமேரூர் பக்கத்து விவசாயக் கூலிக்கு ஒவ்வொரு ஊசியும் பஸ் காசு, ஒரு நாள் கூலி. விலை உயர்ந்ததைப் பாதியில் நிறுத்துவதைவிட மலிவானதை விடாமல் போடுவதே மேல். ஆனால் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கிருமி தொற்றிக் கண்ணே போய்விடலாம். விலையைக் கேட்பவர்கள் அதையும் கேட்கட்டும்!